காற்றாலைக்கு முன்னால் கம்பி

ஆடிக் காற்று அம்மியைத் தூக்குமோ என்னவோ, ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலை இறக்கைகளை ஓயவிடுவதில்லை. அந்த நாட்களில்தான் சில சமயம் உற்பத்தியைக் குறைக்கச் சொல்லி உத்தரவும் வரும். தேவை குறைவு என்பது ஒரு காரணம். மின்சாரத்தை வெளியே கொண்டுபோகும் கம்பி நிரம்பிவிடுவது இன்னொன்று.

காற்றாலையைச் சில மாதங்களில் நிறுவிவிடலாம்; 400 கிலோவோல்ட் மின்தடம் போட ஆண்டுக்கணக்கில் ஆகும். ஆலை வருமா என்று தெரியாமல் தடம் போட ஆளில்லை. தடம் இல்லாத ஊரில் ஆலைக்குக் கடன் கிடைப்பதில்லை. தமிழ்நாட்டில் நூற்பாலைகள் தம் சொந்தத் தேவைக்காக நிறுவிய காற்றாலைகள் ஏராளம். இரண்டு மூன்று காற்றாலை வைத்திருப்பவர் தனித் தடத்துக்கு எங்கே போவார்?

அதனால்தான் பொதுத் துணைமின் நிலையம். ஒவ்வொரு ஆலையின் மின்சாரமும் 33 கிலோவோல்ட்டில் அங்கே வந்து சேர்ந்து, 110, 230, 400 என்று மேலேறுகிறது. அதே மின்திறனை 33-க்குப் பதில் 400 கிலோவோல்ட்டில் அனுப்பினால் மின்னோட்டம் சுமார் 12-ல் ஒரு பங்காகிறது. ஒரே கம்பியில் சூடாகி வீணாவதோ சுமார் 144-ல் ஒரு பங்குதான். கயத்தாறும் தேனி மாவட்டத்துத் தப்பகுண்டும் இப்படிக் காற்று மின்சாரத்தைத் திரட்டும் 400 கிலோவோல்ட் நிலையங்கள்.

செலவு யாருடையது? தமிழ்நாடு உட்பட 8 மாநிலங்களுக்காக 2015-இல் ஒப்புதல் பெற்ற பசுமை மின்வழித்தடத் திட்டத்தில் 40 சதவீதம் மத்திய அரசின் மானியம், 40 சதவீதம் ஜெர்மானிய வளர்ச்சி வங்கியின் கடன், மீதி மாநிலத்தின் பங்கு. அமெரிக்காவின் டெக்சாஸ் இன்னும் துணிந்தது. காற்று வளமுள்ள 5 மண்டலங்களைக் குறித்து, ஆலைகளுக்குக் காத்திராமல் சுமார் 5,800 கிலோமீட்டர் தடத்தை 2014 தொடக்கத்துக்குள் போட்டு முடித்தது. ஏறக்குறைய 700 கோடி டாலர் செலவை தன் மின்கட்டமைப்பின் நுகர்வோர் அனைவர் கட்டணத்திலும் பரப்பியது. ஆலைகள் பின்னால் வந்தன.

பணத்தைப் பங்கிடலாம், நிலத்தை அப்படிப் பங்கிட முடியாது. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் தரும் அதிகாரத்தால் நிலத்தை வாங்காமலே கோபுரம் நிறுத்தலாம். இழப்பீடு தந்தால் போதும். 2018-இல் கொங்கு விவசாயிகள் உயர் மின்கோபுரங்களை எதிர்த்துப் போராடியதன் பின்னணி இது. கம்பிக்குக் கீழே தென்னை வைக்கக் கூடாது. பட்டா மட்டும் விவசாயியின் பெயரிலேயே இருக்கும்.