வேகமும் சிக்கனமும்

கணிப்பொறியின் மூளையாகிய பிராசஸரை, செய்தவர் விதித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதை ஓவர்கிளாக்கிங் என்பர். நம் இல்லத்துப் பிள்ளைகள் பலருக்கும் இதில் மோகம் உண்டு. அங்ஙனம் ஓட்டுவோர் முதற்காரியமாக மின்சிக்கன ஏற்பாடுகளை நிறுத்திவிடுகின்றனர். என் மகனும் அதையே செய்தான். சும்மா இருக்கையிலும் விசிறி இரைந்தது. கோடையில் அறை கொதித்தது. மின்கட்டணச் சீட்டு வந்த அன்று வீட்டார் என்னை நோக்கிய பார்வையை எழுத வேண்டுவதில்லை.

எங்களுடையது இன்டெல் நிறுவனம் 2011-இல் வெளியிட்ட கோர் ஐ5-2500கே. விதித்த வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ், மகன் ஏற்றியது 4.5. ஸ்பீட்ஸ்டெப் என்னும் ஏற்பாடு இயங்கினால், வேலையற்ற வேளையில் அது 1.6-க்கு இறங்கும். அது மட்டும் போதாது. இயக்க மின்செலவு வேகத்தைப் பொறுத்தது. மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. அழுத்தம் 1.35 வோல்ட்டிலேயே நின்றால் செலவு மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேல். 1 வோல்ட்டுக்கு இறங்கினாலோ ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு. ஆகவே அழுத்தத்தை ஒரே அளவில் கட்டிவைக்காமல், வேகத்தோடு ஏறியிறங்கும் ஆஃப்செட் முறையில் அமைத்தோம்.

மறுநாளே கணிப்பொறி உறைந்தது. அதுவும் கடும் வேலையின்போதன்று, சும்மா இருந்தபோது! ஆஃப்செட்டை மிகக் குறைத்ததே பிழை. சற்று உயர்த்தியதும் சீராயிற்று. முதலில் சிக்கனமின்றி முழுவேகத்தைச் சோதித்து, அது நிலைத்த பின்னரே சிக்கனத்தைச் சேர்ப்பது நலம். இல்லையேல் பழுது எதனால் என்று அறிவது அரிது. விளையாட்டில் முழுச்சுமை ஏறுகையில் இதனால் மிச்சமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மகனிடம் அதைச் சொன்னால் சிரிக்கிறான்.