எதிர்பார்ப்பு என்னும் சுமை

ஒரே வீரர், ஒரே போட்டி, இடையில் ஐந்தே ஆண்டுகள். நடந்ததைக் கேளுங்கள்.

2016 ஆகஸ்டு. ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி பாணி நீச்சலின் இறுதிச் சுற்று. அமெரிக்காவின் மைக்கேல் பெல்ப்ஸ் அதே போட்டியில் 2004, 2008, 2012 என மூன்று முறை தங்கம் வென்றவர். உலகமே அவரைத்தான் பார்த்துக் கொண்டிருந்தது. சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங்குக்கு வயது 21. அரையிறுதியில் முதலாவதாக வந்தவர்தான். ஆனாலும் அவர் வென்றே தீரவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. 50.39 விநாடியில் நீந்தி முடித்தார். பெல்ப்சுக்கு 51.14. சிங்கப்பூருக்கு முதல் ஒலிம்பிக் தங்கம்!

2021இல் தோக்கியோ. இப்போது பட்டத்தைக் காக்க வேண்டியவர் ஸ்கூலிங். தகுதிச் சுற்றில் 53.12 விநாடி, அரையிறுதிக்கே போகவில்லை.

இந்தத் தோல்விக்கு மனச்சுமை ஒன்றே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் அந்தச் சுமை எப்படிப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள். சிறியவன் தோற்றால் யாரும் கேட்பதில்லை, வென்றால் கொண்டாட்டம். பெரியவன் வென்றால் 'அதுதான் தெரியுமே' என்பார்கள், தோற்றால் பழிப்பார்கள். அந்தப் பயம் வந்துவிட்டால் மூச்சு வேகமாகிறது, தசை இறுகுகிறது. பழக்கத்தில் தானாக ஓடிய கையையும் காலையும் மனம் கண்காணிக்கத் தொடங்குகிறது. அங்கேதான் தடுமாற்றம்.

சிறியவனும் தப்புவதில்லை. வெற்றி கைக்கு எட்டும் தூரத்தில் வந்ததும், 'ஜெயித்துவிடுவேனோ?' என்ற நினைப்பு அவனையும் உலுக்கிவிடும்.

இது விளையாட்டுத் திடலோடு நிற்கிற விஷயமா? நம் வீட்டிலும் 'இவன்தான் முதல் மார்க்கு வாங்குவான்' என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லி வைக்கிறோம். பரீட்சை மண்டபத்தில் அந்தப் பிள்ளை கேள்வித்தாளைப் பார்ப்பானா, நம் முகத்தை நினைப்பானா?

ஆகவே பெற்றோர்களே, போட்டிக்கோ பரீட்சைக்கோ புறப்படும் பிள்ளையிடம் 'ஜெயித்து வா' என்பதோடு நிறுத்தாதீர்கள். 'எப்படி வந்தாலும் சாப்பாடு எடுத்து வைத்திருப்பேன்' என்றும் சொல்லி அனுப்புங்கள். பாதிச் சுமை வாசலிலேயே இறங்கிவிடும்.