கிலோ கணக்கில் நுரை

காலி சிலிண்டரைச் சாய்த்து உருட்டினால் கோயில் மணி மாதிரி கணீரென்று ஒலிக்கும். நிறைந்த சிலிண்டர் அப்படி வாயைத் திறக்காது. ‘தொம்’மென்று ஓர் ஓசை, அவ்வளவுதான். ஓசூர் சிப்காட் பக்கம் கேஸ் நிரப்பும் ஒரு கூடத்தின் வாசலில் சற்று நேரம் நின்றாலே போதும், கண்ணை மூடிக்கொண்டே எது காலி, எது நிறைந்தது என்று சொல்லிவிடலாம். எனக்கு அந்த வித்தை பிடிபட்டதும் வந்த சந்தோஷம் இருக்கிறதே!

பொதுவாக வெளியாட்களை உள்ளே விடமாட்டார்கள். தொரப்பள்ளியில் கோலி சோடா போடும் ஓர் அண்ணனின் ‘குட்டி யானை’ வண்டியில் தொற்றிக்கொண்டு வந்ததால் எனக்குக் கதவு திறந்தது. நீங்களும் கூடவே வாருங்கள். செருப்புக்குப் பதில் ஷூ போட்டுக்கொள்ளுங்கள். பீடி, தீப்பெட்டி, லைட்டர் எல்லாம் காவலாளியின் மேஜையிலேயே இருக்கட்டும். நாம் பார்க்க வந்த கரியமில வாயு தீப்பிடிக்காது, தீயை அணைக்கும். ஆனால் பக்கத்துக் கொட்டகையில் ஆக்சிஜன் நிற்கிறது. அதனிடம் விளையாட முடியாது.

முற்றத்தில் கூட்டத்தைப் பாருங்கள்! வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறையிலிருந்து இரண்டு வெல்டிங் பையன்கள், சட்டை முழுக்கத் தீப்பொறி பட்ட பொத்தல்கள். சிவப்புத் தீயணைப்பான்களைக் கட்டித் தூக்கி வந்த ஒருவர். மீன்தொட்டிச் செடிகளுக்குக் குமிழி விட, குழந்தை மாதிரி ஒரு சின்ன சிலிண்டரை மடியில் வைத்திருக்கும் ஐ.டி. இளைஞர், அத்திப்பள்ளி தாண்டி வந்தவர். கல்யாண மண்டபத்தில் மணமக்கள் நுழையும்போது வெள்ளைப் புகை பீய்ச்சும் அலங்காரக்காரர். தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி, ஒடியா என்று வரிசையில் எல்லா மொழியும் கலந்து ஓடுகிறது. “ஏன் குரு, ரொம்ப நேரமா?” என்று ஒருவர் கேட்க, “இல்லண்ணா, டேங்கர் இப்பதான் வந்துச்சு” என்று பதில் வருகிறது. எல்லோருக்கும் தேவை ஒரே வாயு. ஒருவருக்கு அது வெல்டிங், இன்னொருவருக்குக் கல்யாணம், நம் அண்ணனுக்கு சோடா.

வேறு நாடுகளில் இதே வரிசையில் இன்னும் ஓர் இனம் நிற்கும்: வீட்டிலேயே பீர் தயாரிப்பவர்கள். அமெரிக்காவில் 1978-ல் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அவர்களுக்கு வழிவிட்டது. பீரைக் ‘கெக்’ என்னும் எஃகுக் கலனில் ஊற்றி, ஒரு சின்ன சிலிண்டரை இணைத்து நுரை ஏற்றுவார்கள். வாயு தீர்ந்தால் வெல்டிங் கேஸ் கடைக்கு ஓடுவார்கள். அவர்கள் ஆசையாகத் தேடிப் பிடிக்கும் அந்தப் பழைய கெக்குகள் பெரும்பாலும் பீருக்காகச் செய்யப்பட்டவையே அல்ல. குளிர்பானக் கம்பெனிகள் பானச் சாற்றை ஊற்றி வைத்திருந்து, பிறகு கைவிட்டவை. ஆக, வீட்டுப் பீருக்கே பாத்திரம் கொடுத்தது சோடா உலகம்தான்!

நம் பக்கம் அந்த வரிசை கிடையாது. தொரப்பள்ளி ராஜாஜி பிறந்த ஊர். 1878 டிசம்பர் 10-ல் அவர் பிறந்த வீடு இன்று நினைவில்லமாக நிற்கிறது. சென்னை மாகாணப் பிரதமராக அவர் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது, அன்று ஓசூரையும் உள்ளடக்கியிருந்த சேலம் மாவட்டத்தில், 1937 அக்டோபர் 1 அன்று. அந்த 1937-ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தங்களோடு இன்றும் நடப்பில் இருக்கிறது; உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சுவது இங்கே குற்றம். அந்த ஊரிலிருந்து கிளம்பிய சிலிண்டர் பன்னீர் சோடாவுக்காக நிரம்பப் போகிறது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

சரி, நம் முறை வந்துவிட்டது. நேராகக் குழாயில் மாட்டிவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். முதலில் ஜாதகம் பார்ப்பார்கள்! சிலிண்டரின் தோளில் எழுத்துகளும் எண்களும் குத்தப்பட்டிருக்கின்றன: காலி எடை எவ்வளவு, கொள்ளளவு எவ்வளவு, கடைசியாக எப்போது அழுத்தச் சோதனை நடந்தது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீர் நிரப்பி அழுத்திப் பார்த்தாக வேண்டும். கண்ணாடி போட்ட மேற்பார்வையாளர் துருவை விரலால் சுரண்டி, தேதியைப் படித்து, தலையாட்டுகிறார். பாஸ். பின்னால் நின்றவரின் சிலிண்டருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. “போன மாசமே தேதி முடிஞ்சுபோச்சு, அண்ணா. டெஸ்ட் பண்ணிட்டு வாங்க.” அவர் எவ்வளவு கெஞ்சியும் மேற்பார்வையாளர் அசையவில்லை. கடைசியில் அவருக்கு ஒரு டீ மட்டும் சொல்லிவிடுகிறார்.

அடுத்தது தராசு. இங்கேதான் எனக்குச் சிலிர்த்தது. காற்றை நிறுத்து விற்கிறார்கள்! உள்ளே கீழே திரவம், மேலே வாயு. கடைசிச் சொட்டுத் திரவம் இருக்கும்வரை அழுத்தமானி கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் நிற்கும். 20 டிகிரி வெப்பத்தில் சுமார் 57 பார். நிறைய இருந்தாலும் கொஞ்சமே இருந்தாலும் அதேதான். அதனால் மானியை யாரும் நம்புவதில்லை, எடையைத்தான் நம்புகிறார்கள். ஒரு கிலோ திரவம் விரிந்தால் ஐந்நூறு லிட்டருக்கு மேல் வாயு. நம் 30 கிலோ சிலிண்டருக்குள் ஒரு சின்ன அறையையே நிரப்பும் நுரை மடங்கிப் படுத்திருக்கிறது.

இப்போது நிரப்பும் மேடை. ஒடிசாவிலிருந்து வந்த தம்பி தோல் கையுறை மாட்டி, குழாயைத் திருகி, வால்வைத் திறக்கிறான். ‘உஸ்’ஸென்று ஒரு சீறல். மே மாதத்து வெயிலில் ரப்பர் குழாய் மேல் வெள்ளைப் பனி பூக்கிறது! நெற்றியில் வியர்வை ஒழுக, கைக்கடியில் பனி உதிர, தம்பியின் கண் தராசின் சிவப்பு எண்களை விட்டு நகரவில்லை. இருபத்தெட்டு… இருபத்தொன்பது… டக்கென்று மூடுகிறான். “இன்னும் கொஞ்சம் ஊத்துப்பா, இடம் இருக்குல்ல?” என்று அண்ணன் சீண்டுகிறார். “இடம் விட்டாத்தான் அண்ணா நல்லது. வெயில்ல அது ஊதும்” என்று உடைந்த தமிழில் பாடம் நடத்துகிறான் தம்பி. சூடேறினால் திரவம் விரியும். விரிய இடம் வேண்டும். அந்த வெற்றிடம்தான் பாதுகாப்பு.

குழாயைக் கழற்றும்போது மிச்சமிருந்தது பொடிப் பனியாகத் தெறிக்கிறது. மைனஸ் 78 டிகிரிக்கும் கீழே போகும் குளிர். வெறுங்கையால் தொட்டால் தோல் வெந்துபோகும். தம்பி கொஞ்சம் பனியைத் தகரத்தில் ஏந்தி, தரையில் கிடந்த தண்ணீரில் கொட்டுகிறான். குபுகுபுவென்று வெண்புகை! வெல்டிங் பையன்கள் அதற்கு நடுவே நின்று ‘சினிமா என்ட்ரி’ கொடுக்க, அலங்காரக்காரர் அவர்கள் நடையைத் திருத்துகிறார். தினமும் பார்க்கும் புகைதான், ஆனாலும் எல்லோர் முகத்திலும் சிரிப்பு. கதவுகள் மட்டும் அகலத் திறந்தே கிடக்கின்றன. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான இந்த வாயு மூடிய அறையில் தரையோடு தேங்கி மூச்சை அடைக்கும் என்பதை இங்கே ஒருவரும் மறப்பதில்லை.

டீ வருகிறது. எண்ணெய்ப் பிசுக்கேறிய ரசீதுப் புத்தகம், காதில் செருகிய பேனா, சுவரில் பழைய காலண்டர் முருகன், கீழே கழற்றிப்போட்ட வால்வு மூடிகள் ஒரு குவியல். உணவுத் தரச் சிலிண்டர்களுக்குத் தனி ஓரம், சங்கிலி கட்டி. “அது வெல்டிங்குக்கு, இது வாய்க்கு. மாத்த மாட்டோம்” என்கிறார் மேற்பார்வையாளர், ரசீதில் கிலோவை எழுதியபடி. இந்த வாயு வரும் வழி ஒன்றா இரண்டா! உரத் தொழிற்சாலைகளிலிருந்து வருவதுண்டு. எரிசாராய ஆலையில் மொலாசஸ் புளிக்கும்போது கிளம்புவதைப் பிடித்துச் சுத்தம் செய்து திரவமாக்குவதும் உண்டு. சோடாவின் பிறப்பே அப்படித்தான். 1767-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், பீர் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்த ஜோசப் பிரீஸ்ட்லி, புளிக்கும் தொட்டிக்கு மேலே மிதந்த வாயுவில் தண்ணீரை வைத்துப் பார்த்தார். சுறுசுறுவென்று ஒரு பானம் கிடைத்தது. பீரும் சோடாவும் ஒரே மூச்சு விட்ட உடன்பிறப்புகள்!

வண்டி தொரப்பள்ளிக்குத் திரும்புகிறது. தகரக் கொட்டகைக்குள் அண்ணனின் அம்மா பாட்டில் கழுவிக்கொண்டிருக்கிறார், முழங்கைவரை ஈரம். பச்சைக் கண்ணாடி, இடுங்கிய கழுத்து, உள்ளே ஒரு கோலி. ஹிரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-ல் காப்புரிமை வாங்கிய அதே வடிவம். தண்ணீர்த் தொட்டியில் ஐஸ் மிதக்கிறது. ஏன் தெரியுமா? உறையும் குளிரில் ஒரு லிட்டர் தண்ணீர் ஒன்றரை லிட்டருக்கு மேல் வாயுவை விழுங்கும். 25 டிகிரியில் முக்கால் லிட்டர்தான். “பச்சத் தண்ணில கேஸ் நிக்காது கண்ணு” என்று அம்மா அதையே ஒரு வரியில் முடிக்கிறார்.

கம்பிவலைக் கூண்டில் பாட்டில்களைப் பூட்டி அண்ணன் கைப்பிடியைச் சுற்றுகிறார். கடகடவென்று எல்லாம் தலைகீழாகப் புரள, வாயு உள்ளே பாய, கோலிகள் ‘டிக் டிக்’கென்று ரப்பர் வளையத்தில் போய் உட்காருகின்றன. மூடி கிடையாது, பூட்டு கிடையாது. உள்ளிருக்கும் அழுத்தமே கதவைச் சாத்திக்கொள்கிறது. ஒரு சோடாவுக்குள் போவது ஓரிரு கிராம் வாயுதான். அந்தச் சொற்பத்துக்காகத்தான் அத்தனை தேதி, அத்தனை தராசு, அத்தனை வியர்வை.

அம்மா ஒரு பாட்டிலை எடுத்து, கட்டை விரலால் கோலியை அழுத்தி, என் கையில் திணிக்கிறார். சில்லென்று மூக்கில் ஏறுகிறது பன்னீர் வாசம். அவர் முகத்தையே பார்த்தபடி நிற்கிறார். “என்ன, ஏப்பம் வருதா?” இந்தத் தொழிலின் கடைசிப் பரிசோதனை இதுதான்.

வந்தது, பலமாக! “அப்ப கேஸ் சரியா இருக்குடா” என்று மகனிடம் சொல்லிவிட்டு அடுத்த பெட்டியை இழுக்கிறார் அம்மா. திருவிழா ஆர்டரில் இன்னும் பாதி பாக்கி.