பெட்டியில் பாதி, குச்சியில் பாதி

தீக்குச்சியைச் சுவரில் உரசினால் சாதாரணமாகப் பற்றுவதில்லை. பெட்டியின் பக்கவாட்டில் உள்ள பட்டையில் இழுத்தால்தான் சீறிக்கொண்டு எரிகிறது. தீ மூட்டும் மருந்தை இரண்டாகப் பிரித்துவைத்திருப்பதே காரணம். குச்சி முனையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும். பட்டையில் சிவப்புப் பாஸ்பரஸும் கண்ணாடித் தூளும்.

உரசும்போது எழும் சூட்டில் துளியளவு சிவப்புப் பாஸ்பரஸ் வெள்ளைப் பாஸ்பரஸாக மாறி, காற்றுப் பட்டதும் தானே எரிகிறது. அந்தப் பொறியில் குளோரேட் சிதைந்து ஆக்சிஜனைத் தர, கந்தகம் பற்றிக்கொள்கிறது. மருந்து கண்ணிமைக்கும் நேரத்தில் தீர்ந்துவிடும். அதற்குள் மரம் பற்ற வேண்டுமே! அதற்காகத்தான் மருந்துக்கு முன்பே குச்சியை மெழுகில் முக்குகிறார்கள். உருகி ஆவியாகும் மெழுகு எரிந்து, தீயை மரத்துக்கு இறக்குகிறது.

உரசினால் பற்றும் குச்சியை முதலில் விற்றவர் இங்கிலாந்தின் ஸ்டாக்டனில் மருந்துக்கடை வைத்திருந்த ஜான் வாக்கர். ஆண்டு 1827. மடித்த உப்புத்தாளுக்குள் வைத்து இழுக்க வேண்டும்.

அடுத்து வந்த வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சி எதில் உரசினாலும் எரிந்தது. வாங்கியவர்களுக்கு வசதி, செய்தவர்களுக்குக் கொடுமை. அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குத் தாடை எலும்பு அழுகியது. 1888-ல் லண்டன் பிரையன்ட் அண்ட் மே ஆலையில் வேலைநிறுத்தம் செய்த பெண்களையும் சிறுமிகளையும் வாட்டிய கொடுமைகளில் இந்த நோயும் ஒன்று. வேதனை என்னவென்றால், பாஸ்பரஸைக் குச்சியிலிருந்து உரசுபட்டைக்கு மாற்றும் வழியைச் சுவீடனின் குஸ்டாஃப் எரிக் பாஷ் 1844-லேயே காட்டியிருந்தார். ஆபத்தான குச்சி மலிவாக இருந்ததால் சந்தையில் அதுவே நிலைத்தது. வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சிகளைத் தடைசெய்யும் பெர்ன் ஒப்பந்தம் 1906-ல்தான் வந்தது.

தமிழ்நாட்டுக் கதை 1922-ல் தொடங்குகிறது. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்று, மறு ஆண்டே ஊரில் தீப்பெட்டி செய்யத் தொடங்கினார்கள். மழை குறைந்த கரிசல் பூமி. மருந்து காயத் தோதான வெயில். விவசாயம் கைவிட்ட குடும்பங்களுக்கு ‘தீப்பெட்டி ஆபீஸ்’ சோறு போட்டது. அங்கே பெண்கள் கட்டையில் குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்குவார்கள். ஒன்றோடொன்று ஒட்டாமல் இடைவெளி விட்டு அடுக்கினால்தான் எல்லா முனையிலும் மருந்து சீராகப் பிடிக்கும். இத்தனை கைகள் கடந்து வரும் பெட்டி 14 ஆண்டுகள் ஒரு ரூபாயிலேயே நின்றது. மூலப்பொருள்களின் விலை ஏறிய பிறகு, 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயானது.