ஓடும் பிள்ளைக்கு ஒரு நாள் ஓய்வு

இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்துவிட்டால் அப்புத்தளைப் பாதைகளில் அதிகாலையிலேயே பிள்ளைகள் ஓடுவதைக் காணலாம். மரதன் ஓட்டத்தில் வென்று வலயமட்டம், மாகாணமட்டம் வரை போக வேண்டும் என்பது அவர்களது ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் பெற்றோர்களே, உங்கள் பிள்ளை வாரத்தில் ஏழு நாளும் ஓடுகிறதா? அப்படியானால் சற்று நிதானித்து இதைப் படியுங்கள்.

"ஒரு நாள் விட்டாலும் பழக்கம் விட்டுப் போகும்" என்பது பலரது எண்ணம். உண்மை அதுவல்ல. ஒரு நாள் ஓய்வினால் ஓடும் திறன் குறைவதில்லை. இரண்டு வாரமளவு முற்றாக நிறுத்தினால்தான் குறைவு தெளிவாகத் தெரியும்.

உடலில் நடப்பது என்ன?

ஓடும்போது உடல் பலம் பெறுவதில்லை, தேய்கிறது. பலம் பெறுவது அதன் பின்னர், ஓய்விலும் உறக்கத்திலும்தான். நீண்ட ஓட்டத்தில் தசைகளிலுள்ள சர்க்கரைச் சேமிப்பு கரைந்துவிடும். சோறு, ரொட்டி என நன்றாகச் சாப்பிட்டாலும் அது மீண்டும் நிரம்ப ஏறத்தாழ ஒரு நாள் எடுக்கும். எலும்பின் கதையும் இதுவே. அடிபடும் எலும்பைப் புதுப்பிக்க, உடல் முதலில் பழைய பகுதியை அரித்தெடுத்து, பிறகே புதிதாகக் கட்டுகிறது. கட்டி முடியுமுன் மீண்டும் மீண்டும் அடித்தால் மெல்லிய வெடிப்பு உண்டாகும். கீழ்க்கால் எலும்பில் இது அதிகம்.

எமது மலையில் இன்னொரு சங்கதியும் உண்டு. அப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேல் உயரமான ஊர். தம்பேதன்னைப் பக்கம் ஓடினாலும் தியத்தலாவைப் பக்கம் ஓடினாலும் ஏற்றமும் இறக்கமும்தான். ஏற்றத்தில் மூச்சு வாங்கும். ஆனால் தசையை அதிகம் நோகச் செய்வது இறக்கமே. அந்த நோவு ஓடிய அன்றைவிட மறுநாளும் அதற்கடுத்த நாளுமே கூடுதலாகத் தெரியும்.

பெரிய வீரர்கள் என்ன செய்கிறார்கள்?

உலகின் நெடுந்தூர வீரர்கள் பலரை உருவாக்கிய ஊர், கென்யாவின் ஐட்டன். ஏறத்தாழ 2,400 மீற்றர் உயரத்திலுள்ள மலையூர். அங்கே ஆறு நாளும் கடுமையாக ஓடும் வீரர்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை ஓடுவதில்லை. தேவாலயத்துக்குச் செல்வர், குடும்பத்தோடு இருப்பர். அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகப் பயிற்றுநர் பில் பவர்மன், கடினமான பயிற்சிக்கு மறுநாள் இலகுவான பயிற்சி என்ற முறையைப் பரப்பியவர். ஓய்வு நாளிலும் மெதுவாக ஓடும் வீரர்களும் உண்டு. ஆனால் அவர்கள் பல ஆண்டு பழகியவர்கள். வளரும் பிள்ளைகள் அல்லர்.

ஓய்வு என்றால் எது?

இங்குதான் நாம் கவனிக்க வேண்டும். தோட்டத்துப் பிள்ளை பாடசாலைக்கு மலையேறி நடக்கிறது. வீடு வந்து விறகு சுமக்கிறது, தண்ணீர் சுமக்கிறது. விடுமுறையில் கொழுந்து பறிக்கவும் உதவுகிறது. இவையெல்லாம் காலுக்கு உழைப்பே. "இன்று ஓட்டம் இல்லைதானே" என்று அன்றைக்கே வீட்டு வேலை முழுவதையும் அதன் தலையில் ஏற்றினால் அது ஓய்வு நாளாகாது. குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு இந்த அநீதி நடக்கிறது. தம்பி ஓய்வெடுக்க, ஓடிக் களைத்த அக்கா துணி துவைக்கிறாள். ஓய்வு அவளுக்கும் உரியதல்லவா?

எமது பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை பொருந்தும். ஞாயிறு வசதியானால் ஞாயிறு. எந்த நாளானாலும் வாரந்தோறும் அதே நாளாக இருக்கட்டும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்:

1. காலையில் படுக்கையை விட்டு எழுமுன் ஒரு நிமிடம் நாடியை எண்ணச் சொல்லுங்கள். வழக்கத்தைவிடத் தொடர்ந்து கூடுதலாக இருந்தால் களைப்பு தீரவில்லை என்று கொள்ளலாம்.

2. எலும்பில் ஒரே இடத்தை விரலால் அழுத்தும்போது வலித்தால் ஓட்டத்தை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள்.

3. உறக்கமின்மை, பசியின்மை, காரணமில்லாத எரிச்சல் ஆகியவற்றைச் சோம்பேறித்தனம் என்று ஏசாதீர்கள்.

4. பெண் பிள்ளைக்கு மாதவிடாய் நின்றுபோனால், உம்மாமார் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உணவு போதாமையும் அதிக உழைப்பும் காரணமாகலாம். வைத்திய ஆலோசனை அவசியம்.

பிள்ளையை ஓட ஊக்குவிக்கும் பெற்றோர்களே, ஆறு நாள் ஓடச் சொல்லுங்கள். ஏழாம் நாள் வயிறாரச் சாப்பிட்டு நன்றாக உறங்கச் சொல்லுங்கள். அதுவும் பயிற்சிதான்.