உங்களுக்குத் தெரியுமா? காட்டுக்குள் ஒரு ‘ஒர்க்‌ஷாப்’

தமிழகத்தின் அஞ்செட்டி மலைக்காடு காவிரியைத் தாண்டினால் கர்நாடக வனத்தோடு சேர்ந்துவிடும். சந்தனக் கடத்தல்காரர் வீரப்பனைத் தேடி இரு மாநில அதிரடிப்படைகளும் ஆண்டுக்கணக்கில் அலைந்த வனத்தொடர் இது. அந்தத் தேடல், கடுமையான விஷயங்களுக்கு இதமான பெயர்களைத் தந்தது.

2000 ஜூலை 30 அன்று கன்னட நடிகர் ராஜ்குமார் தொட்டகாஜனூரிலிருந்து வீரப்பனால் கடத்தப்பட்டார். 108 நாள் கழித்தே விடுதலை. அதுவரை அரசுத் தரப்பில் ‘தூதர்’, ‘பேச்சுவார்த்தை’, ‘கோரிக்கைகள்’ என்றே பேசினார்கள். ஏதோ அண்டை நாட்டுடன் ஒப்பந்தம் பேசுவதுபோல! கடத்தியவர் கேட்டபடி தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) கைதிகள் மீதான குற்றச்சாட்டுகளைத் திரும்பப் பெற முனைந்தபோது, ‘பொது அமைதி’ காரணமாகச் சொல்லப்பட்டது. வீரப்பன் கும்பலால் கொல்லப்பட்ட ஒரு காவல் உதவி ஆய்வாளரின் தந்தை உச்ச நீதிமன்றம் போனார். நவம்பர் 7 அன்று நீதிமன்றம் அந்த முயற்சியை நிராகரித்தது.

மறுபக்கமும் உண்டு. மாதேஸ்வரன் மலையில் அதிரடிப்படை மலைவாசிகளை விசாரித்த இடத்துக்கு ‘ஒர்க்‌ஷாப்’ என்று பெயர். அங்கே நடந்தது சித்திரவதை என்று பாதிக்கப்பட்டோர், தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் அமைத்த சதாசிவா குழுவிடம் சாட்சி சொன்னார்கள். 2007இல் பாதிக்கப்பட்ட 89 பேருக்கு மொத்தம் 2.80 கோடி ரூபாய் வழங்க ஆணையம் பரிந்துரைத்தது. அந்தத் தொகைக்குக் கோப்பில் எழுதிய பெயர்: ‘இடைக்கால நிவாரணம்’.