சக்கரத்தின் மேல் ஓய்வுக்காலம்: வண்டியை எங்கே நிறுத்துவது?

பணி ஓய்வைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் சேமநிதி, வீடு, மருத்துவச் செலவு என்று இந்த மூன்றையே நாம் சுற்றிச் சுற்றி வருகிறோம். அமெரிக்காவில் ஒரு சாரார் இந்த மூன்றில் வீட்டைக் கணக்கிலிருந்தே எடுத்து விட்டார்கள். இருந்த வீட்டை விற்று, 'ஆர்.வி.' எனப்படும் வீட்டு வண்டி ஒன்றை வாங்கி, ஆண்டு முழுவதும் அதிலேயே ஊர் ஊராகப் போய் வாழ்கிறார்கள். விடுமுறைக்கு மட்டும் வண்டியை எடுப்பவர்கள் வேறு. இவர்கள் முழுநேரப் பயணிகள்.

கேட்டதும் ஆசை வருகிறது, இல்லையா? விடிந்தால் மலை, மறுவாரம் கடல். ஆனால் அந்த வாழ்க்கையின் விவரங்களைத் தேடிப் படிக்கும்போது, புறப்படுவதைக் காட்டிலும் கடைசியில் எங்கே நிற்பது என்பதுதான் பெரிய பிரச்சினையாகத் தெரிகிறது. அதைத்தான் இன்று சற்று விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

முதலில் வண்டி. பஸ் அளவுக்குப் பெரியவை உண்டு, வேன் அளவில் சிறியவை உண்டு, லாரி அல்லது கார் இழுத்துச் செல்லும் வகையும் உண்டு. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும். பெரும்பாலான மாநிலங்களில் சாதாரண கார் லைசென்ஸ் வைத்திருந்தாலே பெரிய வண்டியையும் ஓட்டலாம் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. பெரிய வண்டிகள் ஒரு லிட்டர் எண்ணெயில் மூன்று, நான்கு கிலோமீட்டர்தான் ஓடும். நம் மைவி ஓடுவதில் கால்பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் அனுபவசாலிகள் தினமும் ஓட்டுவதில்லை. ஓரிடத்தில் சில வாரங்கள் தங்கி, பிறகுதான் நகர்கிறார்கள்.

இன்னொரு சங்கதி, யாரும் படம் எடுத்துக் காட்டாத சங்கதி. வண்டிக்கு அடியில் மூன்று தொட்டிகள் இருக்கும். ஒன்றில் நல்ல தண்ணீர், இன்னொன்றில் குளித்துக் கழுவிய தண்ணீர், மூன்றாவதில் கழிவறைக் கழிவு. நல்ல தண்ணீர்த் தொட்டி 150 லிட்டர் பிடிக்கிறது என்றால், நம்மைப் போல் இரண்டு வேளை குளிப்பவர்களுக்கு அது எத்தனை நாள் வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்றாவது தொட்டி நிறைந்ததும் அதற்கென உள்ள இடத்துக்குப் போய், கையுறை மாட்டி, குழாய் பொருத்திக் காலி செய்ய வேண்டும். எழுபது வயதிலும் அந்த வேலை உண்டு.

தங்குவதற்கு வழிகள் இருக்கின்றன. 62 வயது நிறைந்த அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் தேசியப் பூங்காக்களுக்கான வாழ்நாள் அட்டை ஒன்று உண்டு. 2017 வரை 10 டாலராக இருந்த அதன் விலை, அந்த ஆண்டு 80 டாலராக உயர்ந்தது. அது இருந்தால், மத்திய அரசு நடத்தும் முகாம்கள் பலவற்றில் கட்டணம் பாதிதான். மேற்கு மாநிலங்களின் அரசு நிலங்கள் பலவற்றில் 14 நாட்கள் வரை இலவசமாகவே தங்கலாம். குளிர்காலத்தில் அரிசோனாவின் குவார்ட்சைட் என்ற பாலைவன ஊரைப் பார்க்க வேண்டும். சில ஆயிரம் பேர் மட்டுமே வாழும் அந்தச் சிற்றூரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வண்டிகள்தான். அங்கே செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் தங்கலாம்.

எல்லாரும் ஆசைப்பட்டுப் போனவர்களா என்றால், இல்லை. 2008ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு, வீட்டையும் சேமிப்பையும் இழந்து வண்டிக்குள் குடியேறியவர்களும் இருக்கிறார்கள். ஜெசிகா புரூடர் 2017இல் எழுதிய 'நோமட்லேண்ட்' அவர்களைப் பற்றிய நூல்தான். அதைத் தழுவிய திரைப்படம் 2021இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது. இவர்கள் முகாம்களைப் பராமரிக்கிறார்கள், அக்டோபரில் மினசோட்டா, வட டகோட்டா பக்கம் சர்க்கரைக் கிழங்கு அறுவடையில் 12 மணி நேர ஷிப்ட் பார்க்கிறார்கள். அமேசான் நிறுவனம் தன் கிடங்குகளுக்கு இப்படிப்பட்டவர்களை எடுப்பதற்கென்றே ஒரு திட்டம் வைத்திருந்தது. அது இப்போது இல்லை. ஓய்வுக்காலம் என்று இதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

வீடு இல்லை என்றால் முகவரியும் இல்லை. முகவரி இல்லாமல் லைசென்ஸ், வங்கிக் கணக்கு, வாக்காளர் பதிவு எல்லாமே சிக்கல்தான். அதனால் பலர் டெக்சஸ், புளோரிடா, தென் டகோட்டா ஆகிய மாநிலங்களில் ஒன்றைச் சொந்த மாநிலமாகப் பதிந்து கொள்கிறார்கள். இந்த மூன்றிலும் மாநில வருமான வரி கிடையாது. கடிதங்களைப் பெற்று, இருக்கும் ஊருக்கு அனுப்பி வைக்கும் சேவைகளும் உண்டு.

மருத்துவம்தான் இதைவிடச் சிக்கல். 65 வயதில் கிடைக்கும் மெடிகேர் அரசுக் காப்பீட்டின் மூலத் திட்டத்தில் இருந்தால், அதை ஏற்கும் எந்த மருத்துவரையும் நாடு முழுவதும் பார்க்கலாம். அதற்குப் பதிலாகத் தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வாண்டேஜில் சேர்ந்தால், பெரும்பாலும் குறிப்பிட்ட வட்டாரத்து மருத்துவர்களோடு நின்றுவிடும். அந்த வட்டாரத்தை விட்டு ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தால், உறுப்பியமே ரத்தாகலாம். மாதச் சந்தா குறைவு என்று அதில் சேர்ந்துவிட்டு நாடு சுற்றக் கிளம்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அவசர சிகிச்சை கிடைக்கும். ஆனால் மாதந்தோறும் பார்க்க வேண்டிய இருதய மருத்துவர் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பார்.

இனி, ஓட்ட முடியாமல் போகும் நாள். பல தம்பதிகளில் ஒருவர்தான் ஓட்டுநர். அவருக்குப் பார்வை மங்கினாலோ, பக்கவாதம் வந்தாலோ, வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். வண்டியை விற்று மீண்டும் வீடு வாங்கலாமே என்று கேட்பீர்கள். நிலத்தோடு கூடிய வீட்டின் விலை காலப்போக்கில் பெரும்பாலும் ஏறுகிறது, வண்டியின் விலை காரைப் போல ஆண்டுக்கு ஆண்டு இறங்குகிறது. பத்தாண்டு சுற்றிவிட்டு வருபவருக்கு, விற்ற வீட்டை மீண்டும் வாங்கக் கையில் காசு இருக்காது. வீட்டை விற்காமல் வாடகைக்கு விட்டுவிட்டு, முதல் ஓராண்டு சுற்றிப் பார்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

இந்த நாளை முன்கூட்டியே நினைத்தவர்கள் ஜோ பீட்டர்சன், கே பீட்டர்சன் தம்பதி. 1978இல் அவர்கள் தொடங்கிய எஸ்கேப்பீஸ் என்ற முழுநேரப் பயணிகள் சங்கம் டெக்சஸ் மாநிலத்தின் லிவிங்ஸ்டன் ஊரில் இயங்குகிறது. கடிதச் சேவை மூலம் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அதுதான் முகவரி. உடல் தளர்ந்த உறுப்பினர்களுக்காக அங்கே 'கேர்' என்ற பராமரிப்பு நிலையத்தையும் ஏற்படுத்தினார்கள். ஓட்ட முடியாமல் போனவர்கள் தங்கள் வண்டியை அங்கே நிறுத்தி, அதிலேயே தொடர்ந்து வாழலாம். சாப்பாடு, மருத்துவரிடம் போய்வர வாகனம், துணி துவைப்பது ஆகியவற்றில் உதவி கிடைக்கும். அறுவை சிகிச்சை முடிந்து தேறும் வரை சில மாதங்கள் தங்கிவிட்டு, மறுபடி சாலைக்குத் திரும்புபவர்களும் உண்டு. முதியோர் இல்லத்தில் ஒரு கட்டிலுக்குப் போகாமல், பழகிய அதே படுக்கை, அதே அடுப்பு, சன்னலுக்கு வெளியே அதே மாதிரி ஊர் சுற்றிக் களைத்த அண்டை வீட்டுக்காரர்கள்.